ஸ்லாம் தேடும் ஜோடிகளுக்கு ஒரு திறந்த மடல்

மாலை வேளைகளில் நம் மன்றத்து மேசைகளைச் சுற்றி அமர்ந்து பிரிட்ஜ் ஆடும் அன்பர்களுக்கு,

உங்களில் பலரோடு ஆண்டுக்கணக்காக எதிரும் புதிருமாக அமர்ந்து ஆடிய உரிமையினால், ஏலத்தைப் பற்றி என் மனத்தில் நெடுநாளாக இருந்துவரும் சில எண்ணங்களை இம்மடலில் எழுதத் துணிகிறேன். ஆட்டம் முடிந்த சூட்டில் வாயால் சொன்னால், அது ஒரு குறிப்பிட்ட ஜோடியின்மேல் சுமத்தும் கண்டனமாகத் தொனித்துவிடுகிறது. எழுத்தில் சொன்னால், எல்லோருக்கும் பொதுவாகவும் எனக்கும் சேர்த்தும் சொன்னதாகும்.

சென்ற மாதத்தில் ஒரு மாலை எனக்கும் என் கூட்டாளிக்கும் வந்த கைகளை முதலில் உங்கள் முன் வைக்கிறேன். என் கையில் இஸ்பேட் ஏஸ், ராஜா, ராணி, எட்டு, நான்கு. ஆட்டின் ராஜா, ராணி, ஆறு. டைமனில் ஏழும் இரண்டும். கிளாவர் ராஜா, ராணி, ஐந்து. அவர் கையில் இஸ்பேட் ஜாக்கி, பத்து, ஏழு, மூன்று. ஆட்டின் ஏஸ், ஜாக்கி, ஐந்து. டைமன் ராணியும் நான்கும். கிளாவர் ஏஸ், ஜாக்கி, பத்து, இரண்டு. நான் ஒரு இஸ்பேட் என்று ஏலத்தைத் தொடங்க, அவர் மூன்று இஸ்பேட் என்றார். நாங்கள் கைக்கொண்டிருக்கும் பழைய முறைப்படி அது கேமுக்குக் கீழே நிற்கக் கூடாது என்று கட்டளையிடும் பலமான ஆதரவு. உடனே நான் நான்கு நோட்ரம்ப் என்று கேட்டேன். அவர் ஐந்து ஆட்டின் என்று இரண்டு ஏஸ்களைக் காட்டினார். என்னுடைய ஒன்றையும் சேர்த்தால் மூன்று, குறைவது ஒன்றுதான் என்று கணக்கிட்டு ஆறு இஸ்பேட் ஏறினேன். இடப்பக்கத்து நண்பர் டைமன் ஏஸை வைத்தார். அடுத்து டைமன் ராஜாவை வைத்தார். மிச்சமிருந்த பதினொரு பிடிகளும் எங்களுடையவை. ஆனால் நாங்கள் வாக்களித்திருந்ததோ பன்னிரண்டு.

இரண்டு கைகளிலும் சேர்ந்து 32 புள்ளிகள் இருந்தன. சீட்டுக்கட்டு முழுவதிலும் உள்ள 40 புள்ளிகளில் எதிரணிக்கு மிஞ்சிய எட்டும் டைமன் ஏஸ், ராஜா, ஜாக்கி என்ற மூன்று சீட்டுகளுக்குள்ளேயே அடங்கியிருந்தன. இதைத் துரதிருஷ்டம் என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் அது துரதிருஷ்டம் அன்று. “எங்கே?” என்று கேட்கவேண்டிய இடத்தில் நான் “எத்தனை?” என்று கேட்டேன். நம் மேசைகளில் தவறிப்போகும் ஸ்லாம்களையும், அவற்றைவிட அதிகமாக, எட்டியிருக்க வேண்டியும் எட்டாமல் விடப்பட்ட ஸ்லாம்களையும் ஆராய்ந்து பார்த்தால், அவற்றுள் பெரும்பாலானவற்றின் வேர் இந்த ஒரு தவறிலேயே இருக்கக் காண்கிறேன்.

நம்மில் பலர் இருபத்தெட்டும் முந்நூற்று நான்கும் ஆடிய வீடுகளிலிருந்து பிரிட்ஜுக்கு வந்தவர்கள். அவ்வாட்டங்களில் ஏலம் என்பது துருப்பை நிர்ணயிக்கும் உரிமைக்காக நடக்கும் போட்டி. வென்றவர் துருப்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதை எதிரிக்கு மட்டுமன்றித் தன் கூட்டாளிக்கும் ரகசியமாகவே காக்கிறார். பிரிட்ஜிலோ ஏலம் என்பது ஒருவர் கையை மற்றவர் பார்க்க இயலாத இரண்டு பேர், ஒரு சில சொற்களை மட்டுமே கருவியாகக் கொண்டு, நால்வரும் கேட்க நடத்தும் சம்பாஷணை. பழைய பழக்கத்தின் வாசனை நம்மை விட்டு முழுதும் நீங்கவில்லை என்பதனால்தான், நல்ல கை வந்தவுடன் கூட்டாளியிடம் ஒரு கேள்வியை வீசி, அவர் விடையை வாங்கிக்கொண்டு, முடிவைத் தனியே எடுத்துவிடுகிறோம்.

ஸ்லாம் என்பதற்கு இவ்வளவு கௌரவம் எங்கிருந்து வந்தது என்பதையும் ஒரு கணம் நினைத்துப் பார்ப்பது தகும். ஆக்ஷன் பிரிட்ஜ் ஆடிய காலத்தில், ஏலத்தில் கேட்காமலே பன்னிரண்டு பிடி எடுத்தாலும் ஸ்லாமுக்குரிய வெகுமதி கிடைத்தது. 1925ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், பனாமாக் கால்வாயைக் கடந்து சென்ற ‘ஃபின்லாந்து’ என்ற கப்பலில், ஹரால்டு வாண்டர்பில்ட் தன் சகபிரயாணிகளோடு ஆடிப்பார்த்த புதிய கணக்கு முறை இதைத் தலைகீழாக மாற்றிற்று. முன்கூட்டி வாக்களித்து எடுத்த பிடிகளே கேமுக்கும் ஸ்லாமுக்கும் எண்ணப்படும்; வாக்களிக்காமல் எடுத்தவை உபரியே என்பது அதன் உயிர்நாடி. இன்றைய கணக்கில் சின்ன ஸ்லாமுக்கு 500, வல்னரபிள் நிலையில் 750. கிராண்ட் ஸ்லாமுக்கு 1000, வல்னரபிள் நிலையில் 1500 என்ற வெகுமதிகள், பிடிகளை எடுக்கும் சாமர்த்தியத்துக்கு மட்டும் உரியவை அல்ல. எடுக்க முடியும் என்பதை ஐம்பத்திரண்டு சீட்டுகளில் பதின்மூன்றை மட்டும் பார்த்துக்கொண்டு, ஆட்டம் தொடங்கும் முன்பே இருவரும் சேர்ந்து அறிந்துகொண்ட விவேகத்துக்கும் உரியவை.

நான்கு நோட்ரம்ப் என்ற கேள்வியைக் கண்டுபிடித்தவரான ஈஸ்லி பிளாக்வுட், இண்டியானாபொலிஸ் நகரில் இன்ஷூரன்ஸ் தொழில் செய்தவர். 1933இல் அவர் தம் யோசனையை எழுதி, ஈலை கல்பர்ட்சனின் ‘பிரிட்ஜ் வேர்ல்டு’ பத்திரிகைக்கு அனுப்பினார். பத்திரிகை அதை ஏற்கவில்லை. எனினும் வாய்வழியாகவே அது பரவி, இன்று உலகில் பிரிட்ஜ் ஆடும் எந்த மேசையிலும் அறியப்படாத பெயராக இல்லை. அவ்வளவு எளிய கருவி அவ்வளவு விரைவில் பரவியதில் வியப்பில்லை. ஆனால் அந்த எளிமையே அதன் அபாயமும் ஆயிற்று. பிளாக்வுட் கேள்வி, ஸ்லாமுக்குப் போகும் வழியைக் காட்டுவதற்காக ஏற்பட்டதன்று. இரண்டு ஏஸ்கள் குறையும்போது ஸ்லாமுக்குப் போகாமல் தடுப்பதற்காக ஏற்பட்டது. பன்னிரண்டு பிடிகளுக்கு வேண்டிய சரக்கு இருக்கிறது என்று வேறு வழிகளால் தெரிந்துகொண்டபின், கடைசியாக வாசலில் நிற்கும் காவலாளியிடம் கேட்கவேண்டிய கேள்வி அது. வீட்டுக்குள் நுழையும் முன்பே கேட்டால், அது சொல்லும் விடை உண்மையாயிருந்தும் நமக்குப் பயன்படுவதில்லை.

இனி அதே கைகளை வேறு விதமாகப் பேசிப் பார்ப்போம். 1957 முதல் 1969 வரையிலான காலத்தில் பத்து முறை பெர்முடா கோப்பையை வென்ற இத்தாலியர், கட்டுக்காவலைக் காட்டும் ஏலத்தை ஒரு கலையாகவே வளர்த்தார்கள். துருப்பு இன்னதென்று இருவரும் ஒப்புக்கொண்டபின், வேறோர் இனத்தைச் சொன்னால், “அந்த இனத்தில் எதிரிகள் தொடர்ந்து இரண்டு பிடி எடுக்க நான் விடமாட்டேன்” என்று பொருள். அது ஏஸாகவோ, ராஜாவாகவோ, ஒற்றைச் சீட்டாகவோ, அந்த இனமே இல்லாத கையாகவோ இருக்கலாம். முதலில் ஏஸ்களையும் பின்னர்தான் ராஜாக்களையும் காட்டவேண்டும் என்ற பழைய வழக்கத்தை அவர்கள் பின்பற்றவில்லை. கீழிருந்து மேலாக, முதலில் கிட்டும் காவலைச் சொன்னார்கள். ஆகவே ஓர் இனத்தைத் தாண்டிச் சென்றால், அந்த இனத்தில் காவல் இல்லை என்பது சொல்லாமலே சொல்லப்பட்டதாகும். சொல்லும் சொல்லைப் போலவே, விடும் சொல்லும் பேசுகிறது. இம்முறையின் அழகை நான் அந்த மௌனத்திலேயே காண்கிறேன்.

ஒரு இஸ்பேட், மூன்று இஸ்பேட் என்றபின் நான் நான்கு கிளாவர் என்றிருந்தால், கிளாவரில் காவல் உண்டு என்று தெரிவித்திருப்பேன். என் கூட்டாளி நான்கு டைமனைத் தாண்டி நான்கு ஆட்டின் என்றிருப்பார்: ஆட்டினில் உண்டு, டைமனில் இல்லை. எனக்கும் டைமனில் இல்லை. ஆகவே நான்கு இஸ்பேட் என்று நான் சொல்ல, அவர் பாஸ் என்று முடிக்க, பதினொரு பிடிகளோடு நிம்மதியாக எழுந்திருப்போம். ஐந்தாவது படிக்குக்கூட ஏறவேண்டிய அவசியம் இருந்திராது. துருப்பு விபரீதமாகப் பிரிந்திருக்கும் நாளில், ஐந்து இஸ்பேட் கேட்டு நின்றவர்கள் அந்த ஒரு படியின் விலையைக் கொடுத்து, கேமையே இழப்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

இங்கே புள்ளிக்கணக்கை நம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சார்லஸ் கோரன் பரப்பிய புள்ளி முறையில், சின்ன ஸ்லாமுக்கு 33, கிராண்ட் ஸ்லாமுக்கு 37 என்ற வழிகாட்டல் உண்டு. அதன் நியாயம் எளிது: 33 உங்களிடம் இருந்தால் எதிரிக்கு ஏழுதான், ஆகவே அவர்களிடம் இரண்டு ஏஸ்கள் இருக்க முடியாது. 37 இருந்தால் எதிரிக்கு மூன்றுதான். ஆகவே ஓர் ஏஸும் இருக்க முடியாது. சரிதான், ஆனால் ஒரே இனத்தின் ஏஸும் ராஜாவும் சேர்ந்தால் மிகச் சரியாக ஏழு புள்ளிகளே அல்லவா? 33 என்ற அந்த வேலி, அந்த ஒரு ஜோடிச் சீட்டு நுழையும் அளவுக்கு இடைவெளியோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. அன்றியும் அது நோட்ரம்ப் ஆடும் சமச்சீரான கைகளுக்கு வகுத்த அளவு. துருப்பும் ஒற்றைச் சீட்டும் கூடும் கைகளில், அதைவிட மிகக் குறைந்த புள்ளிகளில் ஸ்லாம் வந்து நம் கதவைத் தட்டுகிறது. நாம்தான் எண்ணிக் கொண்டிருந்து, திறக்காமல் விட்டுவிடுகிறோம்.

இதற்கு நான் அமைத்த ஓர் உதாரணத்தைப் பொறுமையோடு பாருங்கள். ஒருவர் கையில் இஸ்பேட் ராஜா, ஜாக்கி, எட்டு, ஐந்து. ஆட்டின் ராஜா, ஒன்பது, ஏழு, நான்கு. டைமனில் இரண்டு மட்டும். கிளாவர் ஏஸ், ஜாக்கி, பத்து, மூன்று. மொத்தம் 12 புள்ளிகள். ஏலத்தைத் தொடங்கியவர் கையில் இஸ்பேட் ஏஸ், ராணி, பத்து, ஏழு, நான்கு. ஆட்டின் ஏஸும் ஆறும். டைமன் எட்டு, ஐந்து, மூன்று. கிளாவர் ராஜா, ராணி, ஆறு. மொத்தம் 15. இரண்டும் சேர்ந்து 27தான். ஆயினும் ஆறு இஸ்பேட் மிக உறுதியான ஒப்பந்தம். துருப்பு ஐந்து, கிளாவர் நான்கு, ஆட்டின் இரண்டு; ஒரு டைமனை இழந்தபின் மற்றொன்றை எதிர்க்கையில் வெட்டினால் பன்னிரண்டு; எஞ்சும் டைமன் நான்காவது கிளாவரில் கழிந்துவிடுகிறது. இப்போது தொடங்கியவர் கையில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள்: கிளாவரில் இருந்த ராஜாவையும் ராணியையும் டைமனுக்கு மாற்றி, டைமன் ராஜா, ராணி, மூன்று என்றும், கிளாவர் எட்டு, ஆறு, ஐந்து என்றும் வையுங்கள். அதே 15 புள்ளிகள், அதே ஏஸ்கள், அதே உருவம். ஆனால் டைமன் ஏஸ் போகும். கிளாவரில் ஒன்றும் போகும். கிளாவர் ராஜாவும் ராணியும் இரண்டுமே நமக்கு அனுகூலமான பக்கத்தில் அமைந்தாலன்றிப் பதினொரு பிடிக்குமேல் எதிர்பார்ப்பதற்கில்லை. கூட்டாளியின் ஒற்றைச் சீட்டுக்கு எதிரே அமர்ந்த அந்த ராஜாவும் ராணியும், ஆள் நடமாட்டமில்லாத தெருவில் நிறுத்திய காவலரைப் போன்றவர்கள்.

இந்த வித்தியாசத்தை எந்த ஏஸ் கேள்வியும் வெளிப்படுத்தாது. இரண்டு சந்தர்ப்பங்களிலும் ஏஸ்களின் எண்ணிக்கை ஒன்றே. வெளிப்படுத்தக்கூடியது, 1960களில் டாரதி ஹேடன் அறிமுகப்படுத்திய ஸ்பிளிண்டர் என்னும் ஏலம். ஒரு இஸ்பேடுக்கு விடையாக நான்கு டைமன் என்று இரட்டைத் தாண்டலாகச் சொன்னால், “உங்கள் இஸ்பேடுக்கு நல்ல ஆதரவும் கேமுக்குப் போதிய பலமும் உண்டு, டைமனில் எனக்கு ஒன்றுக்குமேல் இல்லை” என்று பொருள். கேட்டவர் உடனே தம் டைமன்களைப் பார்க்கிறார். எட்டு, ஐந்து, மூன்று என்று இருந்தால் அவர் பலம் முழுவதும் பயன்படும் இடத்தில் இருக்கிறது. ராஜாவும் ராணியும் இருந்தால், ஐந்து புள்ளிகள் வீணென்று கழித்துவிட்டு நான்கு இஸ்பேடில் நின்றுவிடுகிறார். ஒரே சொல்லில் கையின் உருவத்தையே எதிரிலிருப்பவர் கண்முன் நிறுத்தும் இந்த ஏலத்தை, நம் மன்றத்தில் எத்தனை ஜோடிகள் தங்கள் உடன்பாட்டில் வைத்திருந்தும் பயன்படுத்தத் தயங்குகிறார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையில் வருத்தமாக இருக்கிறது.

நல்ல கை அமைந்த சந்தர்ப்பத்தில், நான்கு டைமனுக்குப் பின்தான் நான்கு நோட்ரம்ப் தன் உரிய ஸ்தானத்தைப் பெறுகிறது. பன்னிரண்டு பிடிகளுக்கு வழி தெரிந்துவிட்டது. எதிரிகள் உடனே எடுக்கக்கூடியவை இரண்டா, ஒன்றா என்பது மட்டுமே பாக்கி. நான்கு ஏஸ்களோடு துருப்பு ராஜாவையும் ஐந்தாவதாகச் சேர்த்து எண்ணும் இக்கால முறைப்படி, கூட்டாளி ஐந்து ஆட்டின் என்பார்: இரண்டு உண்டு, துருப்பு ராணி இல்லை. ராணி தம்மிடமே இருப்பதால் கேட்டவர் கவலையின்றி ஆறு இஸ்பேட் ஏறுகிறார். கேட்கத் தகாத சந்தர்ப்பங்களும் உண்டு. கேட்கப்படாத ஓர் இனத்தில் இரண்டு சின்னச் சீட்டுகளை வைத்துக்கொண்டு கேட்கக்கூடாது என்பதை என் கதையே காட்டிற்று. ஓர் இனமே இல்லாத கையோடும் கேட்கக்கூடாது. கூட்டாளி காட்டும் ஏஸ் அந்த இனத்திலேயே இருந்தால் அது நமக்கு உதவாது, இருப்பது எது என்றும் தெரியாது. கிளாவர் துருப்பாக இருக்கும்போதும் யோசித்தே கேட்க வேண்டும். ஐந்து டைமன் என்ற விடையே ஐந்து கிளாவரைத் தாண்டிவிடுகிறது.

எவ்வளவு உறுதி இருந்தால் ஏறலாம் என்பதற்குக் கணிதம் தெளிவான விடை தருகிறது. வல்னரபிள் அல்லாத நிலையில் பன்னிரண்டு பிடி எடுத்து, ஆறு இஸ்பேட் கேட்டிருந்தால் 980. நான்கில் நின்றிருந்தால் 480. பதினொன்றே எடுத்தால் அங்கே 450 வரவு, இங்கே 50 செலவு. இரண்டு பக்கமும் வித்தியாசம் 500 என்பதால், பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள சின்ன ஸ்லாம் சமநிலை. ஒரே ஒரு ஃபினெஸை நம்பியிருக்கும் ஆறைக் கேட்டவரையும் குறை கூறலாகாது, கேட்காதவரையும் குறை கூறலாகாது. கிராண்ட் ஸ்லாமின் கதை வேறு. அது கைகூடினால் கூடுதலாக வருவது அதே 500; தவறினாலோ கையிலிருந்த 980ஐயும் விட்டு மேலும் 50 கொடுக்கவேண்டும். குழுப் போட்டிகளின் ஐ.எம்.பி. அளவில் இது 11க்கும் 14க்கும் உள்ள வேறுபாடாகச் சுருங்குவதால், நூற்றுக்கு 56 பங்கு வாய்ப்பு போதும் என்பார்கள். ஆனால் அது, மற்ற மேசையில் இருப்பவர்கள் ஆறையாவது எட்டுவார்கள் என்று வைத்துக்கொண்ட கணக்கு. அவர்கள் நான்கிலேயே நின்றுவிடக்கூடிய கைகளில் நமக்கு ஆறே பெரும் வெற்றி. ஏழுக்கு ஏறி அதைப் பணயம் வைப்பது விவேகமாகாது. துருப்பில் ஐந்து சீட்டுகள் வெளியே இருந்து, அவை மூன்றும் இரண்டுமாகப் பிரிந்தால் போதும் என்ற நிலைக்கு நூற்றுக்கு 68 பங்கு வாய்ப்பு; என் அபிப்பிராயத்தில் ஏழுக்கு ஏறத் தகுந்த குறைந்தபட்சம் அதுவே.

இதற்கு எதிராக, 1975இல் பெர்முடாவில் நடந்த உலக இறுதிப் போட்டியை எனக்கு நினைவூட்டும் நண்பர்கள் இருக்கிறார்கள். இத்தாலியின் பெல்லடோன்னாவும் கரோட்சோவும், அக்காலத்தில் அவர்களுக்கு மிஞ்சிய ஜோடி உண்டா என்று சொல்லத்தக்கவர்கள், துருப்பு ராஜா எதிரணியில் இருக்க ஏழு கிளாவர் ஒப்பந்தத்தை அடைந்தார்கள். ராஜா, எதிரணியின் எடி கான்டர் கையில் பத்தோடு இரட்டைச் சீட்டாக, ஃபினெஸுக்கு அகப்படும் பக்கத்தில் இருந்தது, ஒப்பந்தம் நிறைவேறிற்று, இத்தாலி கோப்பையை வென்றது. அந்த இரண்டு சீட்டுகளின் இடம் சற்று மாறியிருந்தால் சரித்திரம் வேறாகியிருக்கும். அந்த மேதைகளுக்கே சம்பாஷணை ஒருமுறை வழுவிற்று என்பதைத்தான் அது எனக்குச் சொல்கிறது. வழுவியதை அதிருஷ்டம் தாங்கிப் பிடித்தது என்பதற்காக, வழுவுதலை ஒரு முறையாகக் கொள்ள என் மனம் ஒப்பவில்லை.

ஒழுக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ஸ்லாம் ஏலத்தில்தான் நாம் அதிகம் யோசிக்கிறோம். யோசனையின் நீளமே ஒரு செய்தியாகிவிடுகிறது. கூட்டாளி நெடுநேரம் தயங்கி, கடைசியில் ஐந்து இஸ்பேட் என்று சொன்னால், அவர் கையில் அதைவிடச் சற்று அதிகம் இருக்கிறது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த அறிவைக்கொண்டு ஆறுக்கு ஏறுவது, டூப்ளிகேட் பிரிட்ஜ் சட்டங்களின் பதினாறாம் விதிக்கு விரோதம். எவரையும் நான் சந்தேகிக்கவில்லை. நம்மில் பலர் அறியாமலே செய்கிறோம். தயக்கத்தினால் ஐயத்துக்கு இடமாகும் ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும், தயங்காமல் சொன்னதாகவே பாவித்து முடிவெடுக்கப் பழகிக்கொள்வோமானால், நம் மேசைகளில் எழும் மனஸ்தாபங்களில் பெரும்பகுதி எழாமலே போகும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வரும் வெள்ளிக்கிழமை முதல், ஆட்டம் தொடங்குவதற்கு அரைமணி நேரம் முன்னதாக ஜன்னலோரத்து மேசையில் நான் இருப்பேன். இதுவரை குறித்துவைத்த ஸ்லாம் கைகள் நாற்பதை, கிழக்குக் கையைத் தனியாகவும் மேற்குக் கையைத் தனியாகவும் எழுதி, இரண்டு உறைகளில் வைத்திருக்கிறேன். மேலே சொன்ன மூன்று ஜோடிக் கைகளும் அவற்றுள் கலந்திருக்கின்றன. உங்கள் வழக்கமான கூட்டாளியோடு வந்து, ஆளுக்கோர் உறையை எடுத்துக்கொண்டு, சீட்டை ஆடாமல் ஏலம் மட்டும் சொல்லிப் பாருங்கள். அந்த டைமன் கையில் எந்த ஜோடி நான்கு இஸ்பேடில் நிற்கிறது, எது ஐந்துக்குப் போகிறது என்று பார்க்க எனக்கு மிகுந்த ஆவல். முதல் நாள் என் எதிரில் அமர்வதற்கு என் கூட்டாளி சம்மதித்திருக்கிறார். கிழக்குக் கை அவருக்கு.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள,
மன்றத்தின் பழைய ஆட்டக்காரன்